முறுக்கிய இரண்டு கம்பிகள்

நேயர்களுக்கு வணக்கம். என் முன்னால் இருக்கும் இந்த மைக், நான் பேசும்போது சில மில்லிவோல்ட்டைத்தான் உண்டாக்குகிறது. சுவருக்குள் ஓடும் மின்கம்பியிலோ நூற்றுக்கணக்கான வோல்ட். ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் கேபிளும் மின்கம்பியும் அருகருகே ஓட வேண்டியிருக்கிறது. மின்கம்பியின் இரைச்சல் மைக் ஒலியில் கலக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

கேபிளைச் சுற்றியுள்ள செப்புப் பின்னல், அதாவது ஷீல்டு, எல்லா இரைச்சலையும் தடுத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஷீல்டு மின்புலத்தைத் தடுக்கும், ரேடியோ அலைகளையும் பெருமளவு தடுக்கும். ஆனால் டிரான்ஸ்பார்மரிலிருந்து கிளம்பும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அந்த மெல்லிய செம்பை ஊடுருவிப் போய்விடும். அதைச் சமாளிப்பவை உள்ளே முறுக்கிக் கிடக்கும் இரண்டு கம்பிகள். முறுக்கியிருப்பதால், வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவாக ஏறுகிறது. ஒலியோ ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகிறது. மறுமுனைக் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது இரைச்சல் கழிந்துபோகிறது. தொலைபேசிக் கம்பிகளுக்காக கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை பெற்ற உத்தி இது. இன்றும் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் கண்டதில்லை. அதனால்தான் கனெக்டரில் ஈயம் வைக்கும்போது தேவைக்கு மேல் முறுக்கைப் பிரிக்காதீர்கள் என்று மன்றாடுகிறேன். மின்கம்பியைக் கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடந்துபோங்கள்.

ஒருமுறை, ஒரு கூடத்தில் ஒரே ஒரு லைனில் மட்டும் ஹம், அதாவது மின்சாரத்தின் 'ம்ம்' என்ற ரீங்காரம், வந்தது. இரண்டு நாள் கருவிகளை மாற்றி மாற்றிப் பார்த்தோம். கடைசியில் எக்ஸ்எல்ஆர் கனெக்டரை, அதாவது மைக் கேபிளின் மூன்று பின் கொண்ட இணைப்பானை, திறந்தால், மூன்றாவது பின்னில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரு கம்பி அறுந்தும் ஒலி வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் பாதி அளவில். யாரோ ஒலி அளவைக் கூட்டும் ஃபேடரை ஏற்றிச் சரிசெய்திருக்கிறார்கள். கழிக்கத் துணை இல்லாத இரைச்சலும் கூடவே ஏறிவிட்டது. அன்றிலிருந்து, ஒரு லைனின் அளவு காரணமில்லாமல் குறைந்தால் முதலில் கனெக்டரைத்தான் திறக்கிறேன்.

இனி எர்த். கேபிளின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் மின் இணைப்பு வழியாகவும் ஷீல்டு வழியாகவும் எர்த்தில் சேரும்போது ஒரு வளையம் உருவாகி, ஷீல்டில் மின்னோட்டம் ஓடுகிறது. அது கருவியின் உலோகப் பெட்டிக்கு நேரே போனால் பெரிய தொல்லை இல்லை. உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை வழியாகப் போனால் ஹம்மாகக் கேட்கும். ஒலிப் பொறியாளர் நீல் மன்சி 1995-ல் இதை விரிவாக எழுதினார். ஷீல்டு சேரும் முதலாம் பின் பெட்டியோடுதான் சேர வேண்டும் என்று, ஒலிப் பொறியாளர் சங்கம் (ஏஇஎஸ்) 2005-ல் வெளியிட்ட ஏஇஎஸ்48 தரநிலையும் சொல்கிறது.

ஹம்மைப் போக்க, பவர் பிளக்கின் எர்த்தைத் துண்டிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து ஒருபோதும் செய்யாதீர்கள். பாடுபவரின் உதடு மைக்கின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், அவர் உயிரைக் காப்பது அந்த எர்த். அதற்குப் பதில், ஒலியை மட்டும் கடத்தி எர்த் இணைப்பைப் பிரித்துவைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மரை ஒலி லைனில் வையுங்கள். கருவிக்கும் கருவிக்கும் இடையே ஓடும், முறுக்கிய இரு கம்பி கொண்ட பேலன்ஸ்டு லைன் லெவல் கேபிள் என்றால், ஒலியை வாங்கும் முனையில் மட்டும் ஷீல்டை இணைக்காமல் விடலாம். மைக் கேபிளில் அது கூடாது, சில மைக்குகளுக்கு அதே கேபிள் வழியாகப் போகும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் திரும்பி வருவது அந்த ஷீல்டு வழியாகத்தான்.