ஷிப்பிங்போர்ட்: அமெரிக்க அணுமின் முன்னோடியின் கடைசி ஐந்து ஆண்டுகள்

[காட்சி: ஓஹாயோ ஆற்றங்கரை, பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்]

பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க்கிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ஓஹாயோ ஆற்றின் கரையில் எழுந்த ஷிப்பிங்போர்ட், அமெரிக்காவில் மின்னுற்பத்திக்கென்றே முழு அளவில் கட்டப்பட்ட முதல் அணுமின் நிலையமாகும். 1954 செப்டம்பரில் அதிபர் ஐசனோவர் டென்வரில் இருந்தபடியே கட்டுமானப் பணியைத் தொடங்கிவைத்தார். உலையை உருவாக்கும் பொறுப்பை ஏற்றவர் கடற்படை அதிகாரி ஹைமன் ரிக்கோவர். விமானந்தாங்கிக் கப்பலுக்கெனத் திட்டமிடப்பட்டுக் கைவிடப்பட்ட உலையே இங்கு மின்நிலைய உலையாக உருமாறியது. 1957 டிசம்பர் 2 அன்று அதில் தொடர்வினை, அதாவது ஓர் அணுவின் பிளவு அடுத்த அணுவைப் பிளக்கும் சங்கிலி நிகழ்வு, தொடங்கியது. அதே மாதம் 18ஆம் நாள் மின்சாரம் பாய்ந்தது. திறன் 60 மெகாவாட்.

[காட்சி: உலையின் குறுக்குவெட்டு வரைபடம்]

முதல் என்ற பெருமைக்காகவே பலரும் இதை நினைவுகூர்கிறார்கள். ஆனால் 1977 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய மூன்றாவது எரிபொருள் தொகுதியே இதன் மிகப் பெரிய சாதனை என்பேன். அதில், பிளந்து ஆற்றல் தரும் யுரேனியம்-233உடன் தோரியமும் இருந்தது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட் கனிமத்தில் உள்ள அதே தோரியம். அது தானாகத் தொடர்வினையை நடத்தாது. ஒரு நியூட்ரானை ஏற்று, படிப்படியாகச் சிதைந்து, யுரேனியம்-233 ஆக மாறிய பிறகே எரிபொருளாகப் பயன்படும். ஆகவே, ஒவ்வோர் அணுப் பிளவிலும் வெளிப்படும் நியூட்ரான்களில் ஒன்று தொடர்வினையைக் காக்க, இன்னொன்று புதிய எரிபொருளை ஆக்க வேண்டும். வீணாக்குவதற்கு மிச்சம் மிகக் குறைவு. இதனால்தான், நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளைத் தவிர்த்து, எரிபொருள் கற்றைகளையே மேலும் கீழும் நகர்த்தி உலையின் ஆற்றலைக் கட்டுப்படுத்தினார்கள்.

1982 அக்டோபர் 1 அன்று உலை நிறுத்தப்பட்டது. எரிபொருளை ஐடஹோவுக்குக் கொண்டுசென்று அளந்தபோது, தொடக்கத்தில் இட்டதைவிட ஒரு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான பிளவுறு பொருள், அதாவது பிளந்து ஆற்றல் தரக்கூடிய எரிபொருள், இருந்தது. ஐந்தாண்டுகள் மின்சாரம் தந்த பின்னும் எரிபொருள் கூடியிருந்தது! சாதாரண நீரால் குளிர்விக்கப்படும் உலையிலும் தோரியத்திலிருந்து எரிபொருளைப் பெருக்க முடியும் என்பது நிறுவப்பட்டது.

[காட்சி: பனாமா வழியான கடல்வழி வரைபடம்]

பிறகு நிலையத்தை அகற்றியபோது, எரிபொருளைத் தாங்கியிருந்த உலைக்கலனைத் துண்டாக்கினால் பணியாளர்கள் மீது கதிர்வீச்சு கூடுதலாகப் படும் என்பதால், அதை முழுதாகவே பெயர்த்தெடுத்தார்கள். கவசத்தோடு ஏறத்தாழ 900 டன் எடையுள்ள அந்தச் சுமை, படகில் ஓஹாயோ, மிசிசிப்பி ஆறுகளைக் கடந்து, பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக் சென்று, கொலம்பியா ஆற்றில் ஏறி, வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் புதைக்கப்பட்டது. அகற்றும் பணி 1989இல் முடிவடைந்தது.