நினைவிருக்கிறதா என்று கேட்ட பாடகர்

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

1969. ஜமைக்காவின் வடக்கே, செயின்ட் ஆன் மலைப்பகுதி. ஓர் இளைஞர் நடந்து போகிறார். எதிரே ஒருவர் கழுதையை ஓட்டிக்கொண்டு வருகிறார். கையோடு வாளிகள், வெட்டுக்கத்தி, நடுவதற்குச் செடிகள். தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த மனிதர் பாப் மார்லி. இருவரும் நின்று பேசுகிறார்கள். எனக்கும் பாட ஆசை, எங்கே போவது என்று இளைஞர் கேட்கிறார். கிங்ஸ்டனில் இருக்கும் ‘ஸ்டூடியோ ஒன்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ப் பார் என்கிறார் மார்லி. அவரும் போனார். ஸ்டூடியோவை நடத்திய காக்ஸன் டாட் அவரைப் பாடவைத்தார்.

அந்த இளைஞர் வின்ஸ்டன் ராட்னி. பர்னிங் ஸ்பியர் என்றால்தான் உலகத்துக்குத் தெரியும். எரியும் ஈட்டி என்று பொருள். கென்ய விடுதலைத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவுக்கு வழங்கிய பட்டப்பெயர் அது. முதலில் குழுவின் பெயராகத்தான் இருந்தது. ரூபர்ட் வில்லிங்டன், டெல்ராய் ஹைண்ட்ஸ் இருவரும் கூடப் பாடினார்கள். பிற்பாடு ராட்னி தனியே வந்தபோது பெயரும் அவரோடு வந்துவிட்டது.

ஜமைக்காவின் ரெகே இசை என்றதும் நமக்கெல்லாம் மார்லியின் முகம்தான் ஞாபகம் வரும். நானும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனேன். ஆனால் இன்றைக்கு ராட்னியைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஒரு மனிதரின் பெயர் மறந்துபோய்விடக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பாடியவர் அவர்.

அந்த மனிதர் மார்கஸ் கார்வி. 1887இல் செயின்ட் ஆன்ஸ் பே என்ற கடலோர ஊரில் பிறந்தவர். ராட்னி பிறந்ததும் அதே ஊர்தான். 1914இல் கறுப்பின மக்களுக்காக ஓர் இயக்கம் தொடங்கினார் கார்வி. அமெரிக்கா போனார். 1919இல் கறுப்பின மக்கள் காசு போட்டுப் பங்கு வாங்க, அவர்களுக்கென்றே ஒரு கப்பல் நிறுவனம் தொடங்கினார். அப்புறம் வழக்கு, சிறை, 1927இல் நாடு கடத்தல். 1940இல் லண்டனில் இறந்தார். 1964இல்தான் அவர் உடலை ஜமைக்காவுக்குக் கொண்டுவந்து, தேசிய வீரர் என்று அறிவித்தார்கள்.

ரஸ்தஃபாரிகளுக்கு கார்வி ஒரு தீர்க்கதரிசி. 1930இல் எத்தியோப்பியாவில் முடிசூடிய ஹெய்லி செலாசியைக் கடவுளாக வணங்குபவர்கள் அவர்கள். கார்வி ரஸ்தா அல்ல. செலாசியைக் கடுமையாக விமர்சித்தும் இருக்கிறார். இருந்தாலும், கறுப்பு மனிதன் தலை நிமிர வேண்டும் என்று முதலில் சொன்ன குரல் என்பதால் அவரை விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. எனக்கு இது பெரிய மனசாகத் தெரிகிறது.

சரி, 1975க்கு வருவோம். ஓச்சோ ரியோஸ் ஊரில் ஜாக் ரூபி என்பவர் ஒரு சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்தார். ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கி, ஊரைக் கூட்டி ஆடவைக்கும் ஏற்பாடு அது. அங்கே மட்டும் போடுவதற்கென்று ராட்னி பாடிய பாட்டுத்தான் ‘மார்கஸ் கார்வி’. கேட்ட கூட்டம் விடவில்லை. இசைத்தட்டாக வந்தது, அதே பெயரில் ஒரு முழு ஆல்பமும் வந்தது. அதில் இன்னொரு பாட்டில் மற்ற தேசிய வீரர்களை வரிசையாகப் பெயர் சொல்லி, கார்வியை மட்டும் யாரும் நினைப்பதில்லையே என்று வருந்துகிறார். அரசாங்கம் வீரர் என்று அறிவித்து 11 ஆண்டுகள் ஆன பிறகு பாடியது இது!

அதே ஆல்பத்தில் ‘ஸ்லேவரி டேஸ்’ என்று ஒரு பாட்டு. அடிமையாய் இருந்த நாட்கள் நினைவிருக்கிறதா என்று கேட்கிறார். பதில் சொல்லவில்லை, திரும்பவும் கேட்கிறார். பின்னால் பாடும் குரல்களும் அதையே கேட்கின்றன. ஜமைக்காவில் அடிமை முறை முழுதாக ஒழிந்தது 1838இல். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வயதானவர்களுக்கு அது பாட்டியின் காலம். கோபமாகக் கத்தவில்லை. வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிப்பதுபோலக் கேட்கிறார். அந்த அமைதிதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தது.

ஐலண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம் அந்த ஆல்பத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனபோது, வெள்ளைக்காரக் காதுகளுக்கு ஏற்றபடி ஒலிக்கலவையை மாற்றியது. ராட்னிக்கு அது பொறுக்கவில்லை. தனக்கென்று ஒரு லேபிள் தொடங்கினார். பின்னாளில் மனைவி சோனியாவோடு சேர்ந்து பதிப்பு, வெளியீடு எல்லாவற்றையும் தன் கைக்கே கொண்டுவந்தார். 2000இலும் 2009இலும் கிராமி விருது வாங்கினார். 2023இல்கூட ஒரு புதிய ஆல்பம் வந்தது.

1975 ஆகஸ்ட்டில் செலாசி இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. கடவுள் எப்படி இறப்பார்? ‘ராக்கர்ஸ்’ படத்தில் ராட்னியின் பதில் இருக்கிறது. இரவு. கடலோரம். பக்கத்தில் ஒரு நண்பர் உட்கார்ந்திருக்கிறார். கிட்டார் இல்லை, மேளம் இல்லை. ஜா சாகவில்லை என்று ராட்னி வெறும் குரலில் பாடத் தொடங்குகிறார். ஜா என்பது ரஸ்தஃபாரிகள் கடவுளை அழைக்கும் பெயர்.

அந்தக் காட்சியை இப்போது இங்கே திரையிடச் சொல்லியிருக்கிறேன். விளக்குகளை அணைத்துவிடலாம்.