எலுமிச்சைச் சாறு செய்த அடாவடியால் பிறந்த கருவி!

வணக்கம் நண்பர்களே. மேஜையில் இரண்டு டம்ளர்கள். ஒன்றில் ஆரஞ்சுச் சாறு, அதன் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், ஏறக்குறைய 3.5. மற்றொன்றில் எலுமிச்சைச் சாறு, ஏறக்குறைய 2.3. இடைவெளி 1.2 தானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். எலுமிச்சைச் சாற்றில் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு 15 மடங்குக்கும் மேல்!

(திரையில்: 0 முதல் 14 வரை அளவுகோல்)

காரணம், இந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். 7 நடுநிலை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் 1909இல் சோரன்சன் என்ற வேதியியலாளர் இதை வகுத்தார். தேர்வுக்கு இவ்வளவு போதும். பிஎச்சை அளக்கும் பிஎச் மீட்டர் பிறந்த கதை இனிமேல்தான்.

1934, கலிபோர்னியா. சன்கிஸ்ட் என்ற பெயரில் பழம் விற்ற விவசாயிகள் சங்கத்தில் கிளென் ஜோசப் என்ற வேதியியலாளர் எலுமிச்சைச் சாற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதன் அமிலத்தன்மையை அளக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சாறு கெடாமலிருக்கக் கந்தக டை ஆக்சைடு சேர்த்திருந்தார்கள். அது லிட்மஸ் தாளின் நிறத்தையே வெளுத்துவிட்டது. ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு மஞ்சளாகுமே, அப்படி நிறம் மாறினால்தானே அமிலம் தெரியும்? சாயமே போய்விட்டால் எதைப் பார்ப்பது? அமிலத்தன்மையை மின்சாரம் மூலம் அளக்கும் ஹைட்ரஜன் மின்முனையையும் கந்தக டை ஆக்சைடு விட்டுவைக்கவில்லை.

மிஞ்சியது கண்ணாடி மின்முனை. அதில் பாயும் மின்னோட்டம் மிக அற்பம். மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரின் முள் அசைய வேண்டுமானால் கண்ணாடிச் சவ்வு மிக மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால், தொட்டாலே உடைந்துவிடும். என்ன செய்வார், பாவம்!

ஜோசப் தன் கல்லூரித் தோழர் அர்னால்டு பெக்மனிடம் போனார். கால்டெக் என்ற கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் கற்பித்தவர் அவர். மெல்லிய கண்ணாடியோடு ஏன் போராட வேண்டும், மின்சமிக்ஞையைப் பெருக்கினால் போயிற்று என்றது அவருடைய மூளை. பழைய ரேடியோவுக்குள் ஒளிருமே வால்வு, அதை வைத்தே ஒரு பெருக்கி செய்து கொடுத்தார். தடித்த, உறுதியான மின்முனையே போதும் என்றாகிவிட்டது. இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: வேதியியல் சிக்கலுக்கு ரேடியோக் கடைச் சரக்கில் விடை!

கொஞ்ச நாளில் ஜோசப் மறுபடி வந்து நின்றார். பழுதா? இல்லை, இன்னொன்று வேண்டுமாம்! கூட வேலை செய்தவர்கள் அவருடைய கருவியை இரவல் வாங்கிப் போய்விடுகிறார்களாம். அப்போதுதான் பெக்மனுக்கு இதை விற்கலாமே என்று தோன்றியது. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி, 195 டாலர் விலை வைத்தார். அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்த காலம் அது, துணிச்சல்காரர்தான்.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் பிஎச் மீட்டர் இருந்ததா, லிட்மஸ் தாளோடு முடித்துவிட்டார்களா? கமெண்ட்டில் எழுதுங்கள்.