நியூயார்க் பெற்றோர் கேட்காமல் விடும் கல்லூரிச் சலுகை

நேயர்களுக்கு வணக்கம். நியூயார்க் மாநிலத்தில் குடியிருந்துகொண்டு, பிள்ளையைக் கல்லூரியில் படிக்கவைக்கும் பெற்றோருக்காக இன்று பேசுகிறேன்.

நம் குடும்பங்கள் பலவற்றில் கணவன், மனைவி இருவருமே சம்பாதிக்கிறார்கள். கூட்டு வருமானம் 1,80,000 டாலரை எட்டிவிட்டால், இளநிலைப் படிப்புக்கு மத்திய அரசு தரும் 2,500 டாலர் வரிச் சலுகை கிடைக்காது. அதைக் கேட்டதுமே "நமக்கு ஒன்றும் தேறாது" என்று மாநில வரிக் கணக்கையும் அப்படியே முடித்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். நியூயார்க் மாநிலம் தன் வரியில் தரும் கல்லூரிக் கட்டணச் சலுகைக்கு வருமான வரம்பே கிடையாது.

ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வரையான கல்விக் கட்டணத்தைக் கணக்கில் காட்டலாம். கட்டியது 5,000 டாலரோ அதற்கு மேலோ என்றால் அதில் 4 சதவீதம், அதாவது அதிகபட்சம் 400 டாலர், உங்களுக்கு வரும். இரண்டு பிள்ளைகள் படித்தால் 800. ஆண்டு முழுவதும் இங்கே குடியிருந்தவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யமாக இருந்தாலும் இந்தத் தொகை கைக்கு வந்து சேரும். கல்லூரி நியூயார்க்கில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாஸ்டனில் படித்தாலும் செல்லும். பிள்ளை முழுநேர மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் முதுநிலைப் படிப்புக்கு இது பொருந்தாது. விடுதி வாடகை, சாப்பாடு, புத்தகச் செலவு எதுவும் சேராது. உதவித்தொகையால் அடைபட்ட பகுதியையும் கழித்துவிட வேண்டும். கடன் வாங்கிக் கட்டிய பணம் மட்டும் கட்டிய பணமாகவே கொள்ளப்படும்.

இனிச் சொல்வதைச் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். இந்த 400 டாலருக்குப் பதிலாக, அந்த 10,000 டாலரை வருமானத்திலிருந்தே கழித்துக்கொள்ளவும் வழி உண்டு. இரண்டில் ஒன்றுதான். கழிவு வேண்டுமானால், மாநிலக் கணக்கில் செலவுகளைத் தனித்தனியே காட்ட வேண்டும். மத்திய அரசு வரிக் கணக்கில் நிலையான கழிவை, அதாவது செலவுகளைப் பட்டியலிடாமலே கழித்துக்கொள்ளும் ஒரே தொகையை, எடுத்திருந்தாலும் நியூயார்க் இதை அனுமதிக்கிறது. தம்பதியருக்கு மாநிலத்தின் நிலையான கழிவு 16,050 டாலர். வீட்டுக் கடன் வட்டியும் சொத்து வரியும் சேர்ந்தாலே பலருக்கு அதைத் தாண்டிவிடும். அப்படிப்பட்டவர் சுமார் 6 சதவீத வரி அடுக்கில் இருந்தால், கழிவு வழியில் ஏறத்தாழ 600 டாலர் மிச்சம். நியூயார்க் நகரத்துக்குள் வசிப்பவருக்கு நகர வரியும் குறையும். ஆகவே இரு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்து இடாதீர்கள்.

பக்கத்து நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசனிலிருந்தும் ஜெர்சி சிட்டியிலிருந்தும் மன்ஹாட்டனுக்கு வேலைக்கு வருபவர்கள் கேட்கக்கூடும். நீங்கள் இந்த மாநிலவாசிகள் அல்லாததால் 400 டாலர் சலுகை உங்களுக்கு இல்லை. கழிவு வழி மட்டும் திறந்திருக்கிறது.

இன்னொன்று. பிள்ளையை உங்கள் கணக்கில் சார்ந்தவராகக் காட்டினால், கட்டணத்தை அவரே கட்டியிருந்தாலும் சலுகை உங்களுக்குத்தான். கோடைக்கால வேலைக்காகப் பிள்ளை தனியே கணக்குத் தாக்கல் செய்யும்போது, தாம் யாரையும் சார்ந்தவர் அல்லர் என்று குறித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி அனுப்பும் கட்டண விவரப் படிவமான 1098-டி-யையும் கட்டண ரசீதுகளையும் வைத்துக்கொண்டு ஐ.டி.-272 என்ற படிவத்தை நிரப்பி மாநிலக் கணக்குடன் இணைத்தால் போதும். முந்தைய ஆண்டுகளில் கேட்காமல் விட்டவர்கள், கணக்குத் தாக்கல் செய்து 3 ஆண்டுகள் முடிவதற்குள் ஐ.டி.-201-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் மூலம் இப்போதும் கேட்டுப் பெறலாம். பிள்ளை பட்டம் வாங்கி வேலைக்கே போயிருந்தாலும், அந்தக் காலக்கெடுவுக்குள் வரும் ஆண்டுகளுக்கு உங்களுக்கு உரிமை உண்டு.