ஏற்றத்தில் சைக்கிள், முட்டில் வலி

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு இயன்முறை மருத்துவன். பிசியோதெரபி என்றால் எல்லோருக்கும் புரியும். முட்டுவலி என்று வருகிறவர்களில் சைக்கிள்காரர்களும் உண்டு. விடியற்காலையில் கிளம்பி, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை வரை போய்வரும் இளைஞர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். எல்லோரும் காலை நீட்டிக் காட்டுவார்கள். அடுத்த தடவை சைக்கிளையும் கொண்டுவாருங்கள் என்பேன். பெரும்பாலும் சிகிச்சை அங்கேதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நம் மாவட்டத்தின் நிலம் அப்படி. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயலும் குளமுமாக ஓரளவு சமமாக இருக்கும். கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் ஒரு ஏற்றம் முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முட்டும் 3,600 தடவை மடங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு மடக்கிலும் அழுத்தம் கொஞ்சம் கூடினால் போதும், சாயங்காலம் மாடிப்படி இறங்கும்போது முட்டுச் சிரட்டைக்குப் பின்னால் சுருக்கென்று குத்தும்.

வலி எந்த இடத்தில் என்று ஒற்றை விரலால் தொட்டுப் பாருங்கள். முன்பக்கம், சிரட்டையைச் சுற்றி என்றால் முதல் சந்தேகம் சீட் தாழ்வாக இருக்கிறது என்பதுதான். பின்பக்கக் குழியில் வலித்தால் சீட் அதிக உயரமாக இருக்கலாம். வெளிப்பக்கம் என்றால் இடுப்பிலிருந்து இறங்கிவரும் நார்ப்பட்டை இழுபடுவது காரணமாகலாம். பாதத்தைத் திருப்பி வைத்து மிதிக்கிறீர்களா என்றும் பார்க்க வேண்டும்.

நான் அதிகம் பார்ப்பது முன்பக்க வலியைத்தான். நம் ஊர்ச் சாலையில் நின்று பார்த்தாலே காரணம் தெரியும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டு இரண்டும் வெளியே விரிய, செருப்பின் நடுப்பகுதியால் பெடலை அழுத்திக்கொண்டு போவார்கள். பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் வாங்குகிறார்கள். அப்புறம் நாலு விரற்கடை வளர்ந்துவிடுவார்கள், சீட் வாங்கின நாளில் இருந்த இடத்திலேயே இருக்கும். சீட் தாழ்ந்தால் முட்டு அதிகமாக மடிந்த நிலையிலேயே பலம் கொடுக்க வேண்டும். அந்தப் பலம் முழுக்கச் சிரட்டையைத் தொடை எலும்போடு சேர்த்து அழுத்துகிறது.

சீட் உயரம் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, வழக்கமாகப் போடும் செருப்போடு ஏறி உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பிறகு கால்விரல்களுக்குப் பின்னால் உள்ள தடித்த பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டு லேசாக, 25 முதல் 35 டிகிரி வரை, மடிந்திருக்கும். அதுதான் உங்கள் உயரம். ஒரேயடியாக ஏற்றாமல் அரை சென்டிமீட்டராக ஏற்றிப் பழகுங்கள். சீட் கம்பியில் எல்லைக்கோடு இருந்தால் அதைத் தாண்ட வேண்டாம்.

"அப்போ கால் தரையில் எட்டாதே சார்" என்பார்கள். நியாயமான பயம்தான், மார்த்தாண்டம் சந்திப்பில் பின்னால் பஸ் நிற்கும்போது யாருக்கும் பயம் வரும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்பக்கம் இறங்கி நிற்கப் பழகினால் போதும். அதுவும் முடியாதவர்கள் பெருவிரல் நுனி தரையில் படும் அளவுக்காவது உயர்த்துங்கள்.

அடுத்தது கியர். கியர் உள்ள சைக்கிள் வைத்திருப்பவர்கள்கூட ஏற்றத்தில் கனமான கியரிலேயே எம்பி எம்பி மிதிக்கிறார்கள். அதை வீரம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏற்றம் தொடங்கும் முன்பே லேசான கியருக்கு மாறிவிடுங்கள். பாதி மேட்டில் மாற்றினால் செயின் முறுக்கிக்கொள்ளும். சுற்று எண்ணிக்கை 60க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கியர் இல்லாத சைக்கிள் என்றால் பின்சக்கரத்து ஃப்ரீவீலை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, மாற்றலாம். 18 பல் இருக்கும் இடத்தில் 20 பல் போட்டால் மிதிக்கும் பலம் பத்தில் ஒரு பங்கு குறையும். சமதளத்தில் வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். சைக்கிள் கடையில் சொன்னால் மாற்றித் தருவார்கள். அதற்கும் முடியாத ஏற்றம் என்றால் இறங்கித் தள்ளுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

ஆடிக் காற்றையும் ஏற்றமாகவே எண்ணுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கு முகமாக வருகிறவருக்குச் சாலை சமம்தான், முட்டுக்குச் சமமில்லை.

முறிவெண்ணெய் தடவலாமா என்று கேட்பார்கள். தடவுங்கள், சுகமாக இருக்கும். ஆனால் சீட் இரண்டு அங்குலம் தாழ்ந்தே இருந்தால் மறுநாளும் தடவ வேண்டியதுதான். வலி புதிதாக இருக்கும்போது துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைக்கலாம். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி மலையேறுவது மட்டும் வேண்டாம்; வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

வீட்டில் செய்ய இரண்டு பயிற்சிகள் போதும். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றக் காலை முட்டு மடங்காமல் ஒரு அடி உயர்த்தி ஐந்து எண்ணும் வரை நிறுத்தி மெல்ல இறக்குவது ஒன்று. ஒருக்களித்துப் படுத்து மேல் காலை அப்படியே உயர்த்துவது இன்னொன்று. இது இடுப்புத் தசைக்கு. இடுப்பு தளர்ந்தால் முட்டு உள்ளே சாயும். பக்கத்துக்குப் பத்துப் பத்துத் தடவை செய்யுங்கள்.

வலி அடங்கியதும் சுசீந்திரம் சாலை போன்ற சமதளத்தில் பாதித் தூரத்திலிருந்து தொடங்கி, வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்காகக் கூட்டுங்கள். முட்டு வீங்கினால், மடக்கிய இடத்தில் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது நழுவினால், காய்ச்சலோடு சிவந்து சூடானால் சீட்டைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

நன்றி. வணக்கம்.