சுறாவைவிட மடியில் விழும் மீனுக்குத்தான் எனக்குப் பயம்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிகிற மணல்வெளி நம்ம பாலாறுதான். வேலூர்க்காரனுக்குக் கடலில் கயாக், அதாவது சின்னத் துடுப்புப் படகு, ஏறி மீன் பிடிக்கிற வேலை எதற்கு என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். இந்த ஆறே கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூர் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. நானும் நாளைக்கு அந்தக் கரைக்குத்தான் போகிறேன்.

ஆனால் முகத்துவாரத்தில் இறங்கமாட்டேன். கலங்கல் தண்ணீரும் ஆற்றுமுகமும் புல் ஷார்க் என்கிற காளைச் சுறாவுக்கு ரொம்பப் பிடித்த இடம். 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில், வைதர்ணா கழிமுகத்தில், ஒருவரின் காலைச் சுறா கடித்துக் குதறிவிட்டது. இதைக் கேட்டு நடுங்க வேண்டாம், இப்படி நடப்பது அபூர்வம். பெரும்பாலும் சுறா நம்மைத் தேடி வருவதில்லை, நாம் பிடித்த மீனைத் தேடித்தான் வரும்.

அதனால் பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துக் கயாக் ஓரமாகத் தொங்கவிடாதீர்கள். மீன் துடிக்கிற அதிர்வு சுறாவுக்குத் தெரிந்துவிடும், ரத்த வாடை வேறு. நேராக ஐஸ் பெட்டிக்குள் போடுங்கள், கழுவுவதைக் கரையில் வைத்துக்கொள்ளலாம். வஞ்சிரத்தோடு மல்லுக்கட்டும்போது தூண்டில் ராடு திடீரென்று பேய்த்தனமாக வளைந்தால், கீழே பங்காளி பங்கு கேட்க வந்துவிட்டார் என்று அர்த்தம். தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, வெட்டிவிடுங்கள். வஞ்சிரம் விற்கிற விலைக்கு மனசு வராதுதான், இருந்தாலும் வெட்டுங்கள். கால் இரண்டும் கயாக்குக்கு உள்ளே இருக்கட்டும். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு பெரிதாக ஒன்று பக்கத்தில் போனால் அது அம்மணி உழுவை என்கிற திமிங்கலச் சுறா, சாது. 2001 முதல் சட்டப் பாதுகாப்பும் உண்டு. தொந்தரவு செய்யாமல் விலகி வந்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், உட்கார்ந்த இடத்தில் நாமே ஏற்றிக்கொள்கிற மீன்தான் அதிக வம்பு. திருக்கையை மேலே தூக்கவே தூக்காதீர்கள். வால் முள் குத்திவிட்டால், தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் காயத்தை ஒரு மணி நேரமாவது வைத்திருந்தால் வலி குறையும், அப்புறம் டாக்டர். மார்பிலோ வயிற்றிலோ முள் இறங்கியிருந்தால் பிடுங்கக் கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவில் போகிறவர்கள் தலை விளக்கைத் தண்ணீர் மேல் அடிக்காதீர்கள். முரல் மீன் வெளிச்சத்தைப் பார்த்துப் பாயும், ஊசி மூக்கு கழுத்தில்கூட இறங்கலாம்.

கடைசியாகக் கடல் பாம்பு. வால் தட்டையாக இருக்கும். தூண்டில் முள்ளில் மாட்டினால் கழற்றப் பார்க்காதீர்கள், தூரத்திலேயே தங்கூசியை அறுத்துவிடுங்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இருக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் செய்தது. கடல் பாம்பு விஷத்துக்கு அதை நம்ப முடியாது.