பொலிசிக் கோப்பைக் கேஷ் பண்ணுற சி பேட்ச்: எந்த வரியில நிண்டு பார்க்கவேணும்?

[திரை: கறுப்புப் பின்னணியில பேட்ச் கோப்பு மெல்ல நகருது. பச்சை, சிவப்பு வரிகள்.]

குரல்:
வணக்கம். இண்டைக்கு ஒரு சி பேட்சை, அதாவது சி மொழிப் புரோகிராம் ஒண்டில செய்யக் கேக்கிற மாற்றத்தை, ரிவியூ செய்யப் போறம். குரூப் பொலிசி எண்டது, நிறுவனத்தின்ர எல்லா மெஷினுக்கும் ஒரு இடத்தில இருந்து குடுக்கிற கட்டுப்பாடுகள். டொமைன் சேர்வரில இருந்து இறக்கின அந்தப் பொலிசிக் கோப்புகளை லினக்ஸ் மெஷினிலேயே கேஷ் பண்ணி, அதாவது பிரதி எடுத்து, வைக்கிறதுதான் இந்தப் பேட்சின்ர வேலை. கேக்கச் சின்ன வேலை. ஆனால் வெப் பக்கத்தின்ர படம் ஒண்டு கேஷில பழுதாப் போனால் எரிச்சல் மட்டும்தான் வரும். பொலிசிக் கோப்பு அரைகுறையா வந்தால், ஆருக்குச் சூடோ (நிருவாகி உரிமையோட கட்டளை ஓட்டுற) அனுமதி, பிரவுசரில எதைத் தடுக்கவேணும் எண்ட கட்டுப்பாடுகள் சத்தமில்லாமல் கழண்டு போகும். ஒரு பிழைச்செய்தியும் வராது.

[திரை: ஒரு பொலிசியின்ர ரெண்டு பாதிகள். இடப்பக்கம் எல்டாப் பதிவு, வலப்பக்கம் சிஸ்வால் கோப்புறை.]

பின்னணி கொஞ்சம். குரூப் பொலிசி, விண்டோஸ் 2000இல ஆக்டிவ் டிரெக்ரரியோட (பயனர், மெஷின் விபரங்களை வைச்சிருக்கிற அமைப்போட) வந்தது. ஒவ்வொரு பொலிசிக்கும் ரெண்டு பாதி. ஒண்டு எல்டாப்பில, அதாவது அந்த விபரங்களைக் கேட்டு எடுக்கிற வழியில, இருக்கிற பதிவு. மற்றது சிஸ்வால் எண்ட பகிர்வில இருக்கிற கோப்புறை. அந்தக் கோப்புறைக்குள்ள ஜிபிடி.இனி எண்டு ஒரு சின்னக் கோப்பு, மெஷின் எண்டும் யூசர் எண்டும் ரெண்டு உள் கோப்புறை. முக்கியமான அமைப்புகள் ரெஜிஸ்ட்ரி.பொல் எண்ட பைனரிக் கோப்பில இருக்கும்.

ஜிபிடி.இனிக்குள்ள இருக்கிற பதிப்பெண்ணை மட்டும் மனசில வையுங்கோ. அது 32 பிற் எண். மேல் 16 பிற் யூசர் பக்கத்துக்கு, கீழ் 16 பிற் மெஷின் பக்கத்துக்கு. 196610 எண்டு இருந்தால், 65536ஆல வகுத்தால் யூசர் பதிப்பு 3, மிச்சம் 2 மெஷின் பதிப்பு. கேஷ் முழுக்க இந்த எண்ணை நம்பித்தான் நிக்குது: எண் மாறேல்லை எண்டால் இறக்கத் தேவையில்லை.

ஏன் கேஷ்? விண்டோஸ் மெஷின் இயல்பா 90 நிமிஷத்துக்கு ஒருக்கா, அதோட 0 தொடக்கம் 30 நிமிஷம் வரை தற்செயலாக் கூட்டி, பொலிசியைத் திரும்பப் பார்க்கும். யாழ்ப்பாணக் கிளையில முப்பது மெஷின், சேர்வர் கொழும்பில, நடுவில ஒரு விபிஎன் எண்டு வையுங்கோ. ஒவ்வொரு தரமும் எல்லாக் கோப்பையும் இழுக்கிறது வீண். விபிஎன் விழுந்தால் பொலிசியே இல்லாமல் நிக்கிறது அதைவிட மோசம்.

[திரை: டெர்மினல். பேட்சைத் தனிக் கிளையில பொருத்துறது.]

வாசிக்க முன்னம் பொருத்துங்கோ. தனிக் கிளையில கிட் ஏஎம் கட்டளையால பேட்சைப் போட்டு, எல்லா எச்சரிக்கையையும் திறந்து, மெமரிப் பிழையைக் காட்டுற அட்ரஸ் சானிடைசரோட கொம்பைல் பண்ணுங்கோ. கொம்பைலர் சொல்லக்கூடிய குறையை மனுசர் கண்ணால தேடுறது நேரவிரயம்.

[திரை: இறக்கி எழுதுற ஃபங்ஷன் மட்டும் பெரிசாத் தெரியுது.]

இப்ப நேர இறக்கி எழுதுற ஃபங்ஷனுக்குள்ள போங்கோ. பாதை, மெமரி எல்லாம் பேந்து. இங்க கேக்கிற கேள்வி ஒண்டுதான்: இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில கரண்ட் போனால் டிஸ்கில என்ன மிஞ்சும்? யாழ்ப்பாணத்தில இந்தக் கேள்வி ஏன் எண்டு ஆருக்கும் விளக்கத் தேவையில்லை.

பேட்ச் என்ன செய்யுது பாருங்கோ. கேஷில இருக்கிற கோப்பை ஓ-ட்ரங்க் கொடியோட திறக்குது. திறந்த உடனை பழைய கோப்பு பூச்சியம் பைட். அதுக்குப் பிறகுதான் சேர்வரில இருந்து வாசிக்கத் தொடங்குது. கிணத்தில வாளி மேல வர முன்னமே குடத்துத் தண்ணியைக் கவிட்டு ஊத்தின கதை. லைன் நடுவில அறுந்தால் பழையதும் இல்லை, புதுசும் இல்லை.

திருத்தம் தெரிஞ்சதுதான். அதே கோப்புறைக்குள்ள எம்கேஎஸ்டெம்ப் மூலம் ஒரு தற்காலிகக் கோப்பு. அதில முழுக்க எழுதி, எஃப்சிங்க் பண்ணி (எழுதினது டிஸ்குக்குப் போய்ச் சேர வைச்சு), குளோஸ் பண்ணி, ரெண்டும் திருப்பித் தாற மதிப்பைப் பார்த்து, கடைசியா ரீநேம். ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள்ள ரீநேம் பாதியில நிக்காது. வாசிக்கிற புரோகிராமுக்கு ஒண்டில் பழைய கோப்பு முழுசா, இல்லாட்டி புதுக் கோப்பு முழுசா. தற்காலிகக் கோப்பை டெம்ப் கோப்புறையில வைச்சால் அது வேற ஃபைல்சிஸ்டமா இருக்கலாம். அப்ப ரீநேம் எக்ஸ்டெவ் பிழையோட திரும்பும். பேட்ச் எழுதினவர் தன்ர மடிக்கணினியில சோதிச்சால் இது தெரியவே தெரியாது.

குளோஸ் திருப்பித் தாறதைக் கனபேர் பார்க்கிறேல்லை. டிஸ்க் கோட்டா முடிஞ்சது சில ஃபைல்சிஸ்டங்களில எழுதேக்க தெரியாது, மூடேக்கதான் தெரியவரும்.

[திரை: சேர்வர் கோப்புப் பட்டியல். ஜிபிடி.இனி மேல, மெஷின் கோப்புறை அதுக்குக் கீழ.]

இனி இந்தப் பேட்சின்ர ஆக மோசமான பிழை. ஒவ்வொரு கோப்பையும் சரியா ரீநேம் பண்ணினாலும் இது இருக்கும். லூப், சேர்வர் தாற வரிசையிலேயே கோப்புகளை இறக்குது. விண்டோஸ் சேர்வரின்ர என்டிஎஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் பட்டியலை ஆங்கில அகரவரிசையில தரும். அந்த வரிசையில ஜிபிடி.இனி, மெஷின் கோப்புறைக்கு முன்னால. அதால புதுப் பதிப்பெண் முதல் கேஷுக்குள்ள வந்திடும். அதோட லைன் விழுந்தால்? புது எண், பழைய ரெஜிஸ்ட்ரி.பொல். அடுத்த முறை ஒப்பிடேக்க ரெண்டு எண்ணும் ஒண்டு, அதால இறக்கம் இல்லை. சேர்வரில ஆராவது அந்தப் பொலிசியைத் திரும்ப மாத்தும் வரைக்கும், மாசக்கணக்கானாலும், அந்த மெஷின் பழைய அமைப்போடதான் நிக்கும். பதிப்பெண்ணைப் பார்த்தால் எல்லாம் சரி எண்டுதான் காட்டும்.

ஆகவே ஜிபிடி.இனியைத் தனியா எடுத்து, மற்றதெல்லாம் டிஸ்கில இருந்த பிறகு கடைசியா வைக்கவேணும். இன்னொண்டும் கேளுங்கோ: இறக்கிக்கொண்டிருக்கேக்க நிருவாகி பொலிசியை மாத்தினால்? தொடங்கேக்க எண்ணை வாசி, முடிய ஒருக்கா வாசி, ரெண்டும் வேற எண்டால் திரும்ப இறக்கு. பத்து வரி வராது.

சேர்வரில அழிச்ச கோப்பு கேஷிலயும் அழியவேணும். பேட்ச் சேர்க்க மட்டும் செய்யுது, கழிக்கேல்லை. ரெஜிஸ்ட்ரி.பொல்லைச் சேர்வரில நீக்கினால், கேஷில இருக்கிறது சாகாமல் அமுலில இருக்கும். சுத்தமான வழி, முழுப் பொலிசியையும் புதுக் கோப்புறையில இறக்கி, கோப்புறையையே மாத்துறது. ஆனால் வெறுமையில்லாத கோப்புறைக்கு மேல ரீநேம் பண்ண ஏலாது. லினக்ஸ் 3.15இல வந்த ரீநேம்-அட்-2 அழைப்புக்கு ரெண்டு கோப்புறையை இடம் மாத்துற கொடி இருக்கு. அது வேண்டாம் எண்டால், பதிப்பெண்ணைப் பெயராக் கொண்ட கோப்புறையும் அதைக் காட்டுற ஒரு சிம்லிங்க்கும் (இன்னொரு பாதையைச் சுட்டுற குறுக்கு வழியும்). எனக்கு ரெண்டாவது பிடிக்கும். பிழை தேடேக்க ஒரு எல்எஸ் கட்டளையிலேயே நிலைமை விளங்கும்.

[திரை: பாதை கட்டுற ஃபங்ஷன். எஸ்என்பிரிண்ட்எஃப் வரி வெளிச்சமாகுது.]

பாதை. சேர்வர் தாற கோப்புப் பெயரைப் பேட்ச் அப்பிடியே ஒட்டுது. பெயருக்குள்ள ரெண்டு புள்ளியும் சாய்கோடும் இருந்தால், றூட் உரிமையோட ஓடுற புரோகிராம் கேஷுக்கு வெளியில போய் எழுதும். சேர்வர் எங்கடதுதானே எண்டு சொல்லுவினம். சேர்வர் மாதிரி நடிக்கிறதும் நடக்கும். 2015 பெப்ரவரியில மைக்ரோசொப்ட் எம்எஸ்15-011 எண்ட திருத்தத்தை வெளியிட்டது, நடுவில நிண்டு போலிப் பொலிசிக் கோப்பைக் குடுக்கிற தாக்குதலைத் தடுக்கத்தான். எஸ்எம்பி (கோப்புப் பகிர்வு நெறிமுறை) கையொப்பம் கட்டாயமா எண்டு இணைப்பு திறக்கிற வரியிலயும் பாருங்கோ.

பாதையை பஃபருக்குள்ள எழுதுற எஸ்என்பிரிண்ட்எஃப் திருப்பித் தாற எண் பஃபர் அளவுக்குச் சமம் அல்லது கூட எண்டால், பாதை வெட்டுப்பட்டிருக்கு. பேட்ச் சுழியத்துக்குக் குறைவா எண்டு மட்டும் பார்க்குது, அது காணாது. பின்சாய்கோட்டை முன்சாய்கோடா மாத்தவேணும். விண்டோஸ் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். ஒரு பொலிசியில மெஷின் எண்டு முதல் எழுத்து மட்டும் பெரிசா, இன்னொண்டில எல்லா எழுத்தும் பெரிசா வரும். கேஷுக்குள்ள எல்லாத்தையும் ஒரே வகை எழுத்தா மாத்தினால் அலுப்பில்லை. கேஷ் கோப்புறைக்கு 0700 அனுமதி.

[திரை: பதிப்பெண் வாசிக்கிற நாலு வரி.]

இந்த நாலு வரியில நாலு விசயம் பார்க்கவேணும். எழுத்தை எண்ணா மாத்த ஏடூஐ பயன்படுத்தியிருக்கு. யூசர் பதிப்பு 32768ஐத் தொட்டால் முழு எண் இன்ட் வகைக்குள்ள அடங்காது. அதே வேலை செய்யிற எஸ்டிஆர்டூயுஎல்லுக்கு மாத்தச் சொன்னால், இன்னொரு பொறி இருக்கு: விண்டோஸ் கோப்பில வரி முடிவில ரெண்டு எழுத்து, கேரேஜ் ரிட்டேனும் புதுவரிக் குறியும். எண்ணுக்குப் பிறகு ஸ்ட்ரிங் முடியவேணும் எண்டு கறாராப் பார்த்தால், அந்த கேரேஜ் ரிட்டேனில தடக்கி நல்ல கோப்பையும் தள்ளிவிடும். 64 பிற் லினக்ஸில அன்சைன்ட் லோங் 64 பிற், அதால 32 பிற்றுக்கு மேல போகுதா எண்டும் தனியாப் பார்க்கவேணும். கழித்தல் குறி போட்ட எண்ணையும் அந்த ஃபங்ஷன் ஏற்கும், அதையும் தடுக்கவேணும்.

கடைசியா ஒப்பீடு. சேர்வர் எண் கேஷ் எண்ணைவிடக் கூடவா எண்டு பேட்ச் கேக்குது. சமமில்லையா எண்டுதான் கேக்கவேணும். டொமைனில கனக்க சேர்வர் இருந்தால், சிஸ்வால் பிரதியெடுப்பு பிந்தின சேர்வரில எண் குறைவா இருக்கலாம். பழைய பக்கப்பில இருந்து மீட்டாலும் எண் இறங்கலாம்.

மெமரி விசயம் கெதியா. பிழை வந்தால் தாவுற வழி ஒவ்வொண்டிலயும் கோப்பு விவரணி (திறந்த கோப்பின்ர எண்) மூடுதா எண்டு பாருங்கோ. பின்னணியில நாள்கணக்கில ஓடுற டீமன் எண்ட புரோகிராமுக்கு வழமையான மெல்லெல்லை 1024 திறந்த கோப்பு. விபிஎன் விட்டுவிட்டு விழுற இடத்தில அது நிரம்பக் கனகாலம் எடுக்காது. வாசிப்பு லூப் முடிய, வந்த மொத்த பைட்டும் சேர்வர் சொன்ன அளவும் சரியா எண்டு ஒரு வரி வேணும். ரெஜிஸ்ட்ரி.பொல் எண்டால் முதல் நாலு பைட் குறியீட்டையும் பார்க்கலாம்.

[திரை: ரெண்டு பிழைக்குறிகள் பக்கத்தில பக்கத்தில: கோப்பு இல்லை, தொடர்பு இல்லை.]

சேர்வரில கோப்பு இல்லை எண்டதும் சேர்வரோட தொடர்பு இல்லை எண்டதும் ரெண்டு பதில். பேட்ச் ரெண்டுக்கும் ஒரே பிழைக்குறி குடுக்குது. மேல இருக்கிற ஃபங்ஷன் அதை வெறும் பொலிசி எண்டு எடுத்தால், நெற்வேர்க் வயரைக் கழட்டினவர் கட்டுப்பாட்டையும் கழட்டினவர். தொடர்பு இல்லாட்டி கேஷ். கோப்பு இல்லாட்டி கேஷில இருக்கிறதையும் நீக்கு. அனுமதி மறுப்பு வந்தால் லொக்கில எழுதி, கேஷை அப்பிடியே விடு.

[திரை: டெர்மினல். நாலு சோதனை, ஒண்டுக்குப் பிறகு ஒண்டு.]

இனி ஓட்டிப் பார்ப்பம். 64 கிலோபைட் அளவில ஒரு டெம்ப்எஃப்எஸ் (மெமரியில இருக்கிற ஃபைல்சிஸ்டம்) மௌண்ட் பண்ணி, கேஷை அதுக்குள்ள வையுங்கோ. டிஸ்க் நிரம்பேக்க பழைய கேஷ் தப்புதா? பேந்து டிசி கட்டளையின்ர நெட்எம் (நெற்வேர்க் கோளாறை நடிக்கிற வசதி) மூலம் 200 மில்லிசெக்கன் தாமதமும் நூற்றுக்கு 5 பக்கற் இழப்பும் போட்டு, இறக்கம் நடக்கேக்க கில் மைனஸ் 9. திரும்பத் தொடக்கி, ஜிபிடி.இனியின்ர எண்ணும் ரெஜிஸ்ட்ரி.பொல்லின்ர உள்ளடக்கமும் பொருந்துதா எண்டு சேர்வரோட ஒப்பிடுங்கோ. கேர்னல் அழைப்புகளைக் காட்டுற எஸ்ட்ரேசில ஓப்பன்-அட், எஃப்சிங்க், ரீநேம் மூண்டையும் வடிகட்டினால் வரிசை கண்ணுக்கு முன்னால வரும். மெமரிக் கசிவைக் காட்டுற வால்கிரைண்டை, அட்ரஸ் சானிடைசர் இல்லாமல் கொம்பைல் பண்ணி, பிழை வழியில ஓட்டுங்கோ, நல்ல வழியில ஓட்டி ஒரு பயனும் இல்லை.

பதில் எழுதேக்க, கட்டாயம் திருத்தவேண்டியதையும் உங்கட விருப்பத்தையும் கலக்காதேங்கோ. ஓ-ட்ரங்க், ஜிபிடி.இனி வரிசை, பாதைச் சரிபார்ப்பு, பிழைக்குறி ஆகிய நாலும் திருத்தாமல் உள்ள எடுக்க ஏலாது. மாறிப் பெயர் வடிவில்லை எண்டது கடைசி வரியில, விருப்பம் எண்டு எழுதி. வரி எண்ணோட, எந்தச் சந்தர்ப்பத்தில என்ன நடக்கும் எண்டு எழுதுங்கோ. "இது அணுத்தன்மையில்லை" எண்டு மட்டும் எழுதினால் எழுதினவருக்கு ஒண்டும் விளங்காது. "22ஆம் வரிக்குப் பிறகு லைன் அறுந்தால் புது எண்ணோட பழைய பொல் கோப்பு மிஞ்சும்" எண்டால் உடனை விளங்கும்.

பேட்சை ரெண்டாப் பிரிக்கவும் சொல்லுங்கோ. பாதை, பதிப்பெண் ஃபங்ஷன்கள் முதலாவது. அதுகளைச் சேர்வர் இல்லாமலே சோதிக்கலாம். இறக்கி எழுதுறது ரெண்டாவது. அதோட பாதியில அறுக்கிற சோதனையும் சேர்ந்து வரவேணும், இல்லாட்டித் திருப்பி அனுப்புங்கோ.